பதினொன்று, பதினேழு

கூரையை மூடும் கட்டளை
நாற்பத்து மூன்று இடங்களில் வருகிறது.
பெயரின் மேல் சுட்டியை வைத்து ஒரு விசையைத் தட்டினால்
வலப்பக்கம் ஒரு பலகை விரியும்:
கோப்பு, வரி எண், அந்த வரி.
எங்கே பிறந்தது, யார் யார் கூப்பிடுகிறார்கள்
எல்லாம் சொல்லிவிடும்.

எடிட்டருக்கு ஓர் எழுத்துரு,
இந்தப் பலகைக்கு வேறொன்று.
அமைப்புப் பட்டியலில் ஏழாவது உள்ளறையில்
அதைக் கொண்டுபோய் வைத்த புண்ணியவான்
எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அத்தகாமா. இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம்.
இரவு எனக்கு, பகல் எலியோதோரோவுக்கு.
கணினி ஒன்றுதான்.

இரவில் இங்கே வெள்ளைத் திரை குற்றம்.
இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடியில் கெடும்,
திரும்பப் பழக அரைமணி ஆகும்.
ஆகவே பின்னணியைக் கறுப்பாக்கினேன்.
எழுத்துக்குச் செம்மண் நிறம்.
தேடிய பெயருக்கு மட்டும்
அணையப்போகும் சிகரெட் நுனியளவு கூடுதல் சிவப்பு.
அளவு பதினொன்று.
நாற்பத்து மூன்று வரியும் ஒரே பார்வையில் அடங்கின.
அன்றிரவு நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலை
பலகை ஆஸ்பத்திரிப் படுக்கைபோல் வெளுத்துக் கிடந்தது.
அளவு பதினேழு.
தேடிய பெயருக்குக் கீழே
தார் இழுத்தாற்போல் தடித்த கோடு.

மாற்றினேன்.
மாற்றினான்.
தலையெழுத்தை மாற்றத்தான் மெனு கிடையாது,
இதற்கு இருக்கிறதே.

மூன்று வாரம் இப்படி.
ஷிப்ட் மாறும்போது
ஒருவர் தெர்மாஸை மற்றவர் தள்ளிவைப்பதோடு சரி.
‘என்ன சண்டை?’ என்றாள் சமையலறையில் உபால்தினா.
‘எழுத்துரு’ என்றேன்.
அவள் சூப்பில் உப்புப் பார்க்கப் போய்விட்டாள்.

அமைப்புக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன்:
// இது தொலைநோக்கி நிலையம், விளம்பரப் பலகை அல்ல.
மாலையில் அதன் கீழே:
// இது பகல், செப்புச் சுரங்கம் அல்ல.

ஆகஸ்டில் ஓர் இரவு காற்று எல்லை தாண்டியது.
கூரை மூன்றில் ஒரு பங்கு மூடி நின்றுவிட்டது.
நாலரை மணி.
பைஜாமாவுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
எழுப்பப்பட்டவன் ஓடிவந்தான்.
பலகையைத் திறந்தேன்.
‘சிவப்பாக இருப்பதையெல்லாம் பார், ஏதோ ஒன்று தப்பாக அழைக்கிறது.’
‘எது சிவப்பு?’

மூக்கு கண்ணாடியைத் தொடும் அளவுக்குக் குனிந்தான்.
விரலை முதல் வரியில் வைத்தான்.
இரண்டாவது வரியில் வைத்தான்.
வெளியே மணல்
ஆடியின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

திரும்பாமலே சொன்னான்:
‘எனக்கு அது சிவப்பு இல்லை, யாஸ்னா.
கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு.’

மூன்று வாரமாக
அடிக்கோடிட்டுத்தான் சொல்லியிருக்கிறான்.

விசையைத் தட்டி வெள்ளையாக்கினேன்.
என் கண்ணில் நீர் வந்தது, வெளிச்சத்தால்.
முப்பத்தோராவது வரி.
ஓர் அடைப்புக்குறி இடம் மாறியிருந்தது.
கூரை முனகிக்கொண்டே மூடியது.
பிறகு எனக்கு அரைமணி நேரம் எதுவும் தெரியவில்லை.
கதவு வரை அவன் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்,
அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது பின்னணி கறுப்பு.
எழுத்து மங்கிய மஞ்சள்.
தேடிய பெயருக்கு நிறமே இல்லை,
கீழே கோடு மட்டும்.
அளவு பதினான்கு:
கணக்குப்படி சரி, இருவருக்குமே பிடிக்கவில்லை.

இரண்டு குறிப்புகளையும் யாரும் அழிக்கவில்லை.

கடைசி ஒன்பது வரி
பலகைக்கு வெளியே விழுகிறது.
உருட்டித்தான் பார்க்க வேண்டும்.
உருட்டுகிறேன்.